உதறாத தார்ப்பாய்

எட்டு மீட்டர் தள்ளி ஒரு கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்தும், கையைக் காலை அசைக்காமல், எச்சில்கூட விழுங்காமல் உங்களால் நிற்க முடியுமா? என்னால் முடிகிறது. நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இடது கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறிச் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. குடிக்கட்டும். என் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் மிருதுளா மேடம் கடல் பக்கம் பார்த்து நிற்கிறார், நான் மேட்டுப் பக்கம் பார்த்து நிற்கிறேன். இந்த வேலையில் அப்படித்தான் நிற்க வேண்டும். காட்டுக்குள் மரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிக் குறித்துவைத்த இடத்துக்கு வந்து, பத்து நிமிடம் அசையாமல் நின்று, காதில் விழுகிற கண்ணில் படுகிற ஒவ்வொரு பறவையையும் இன்னது, இத்தனை, இவ்வளவு தூரம் என்று மெல்லச் சொல்ல வேண்டும். மேடம் எழுதிக்கொள்வார். இப்படி ரிப்பன் ரிப்பனாக நின்று சொன்னதையெல்லாம் கூட்டிப் பெருக்கி, மொத்தக் காட்டில் எந்தப் பறவை எத்தனை இருக்கும், அது பள்ளத்தில் மேய்கிறதா மேட்டில் மேய்கிறதா, மூங்கிலைத் தேடுகிறதா பெருமரத்தைத் தேடுகிறதா என்று கணக்குப் போடுவார். கணக்கு எனக்குப் புரியாது, எட்டாவதோடு எனக்கும் கணக்குக்கும் உறவு முறிந்துவிட்டது. ஆனால் நிற்கத் தெரியும். காது நல்ல காது. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கத்திலும் காது திறந்தேதான் கிடக்கும். இந்த நிமிடம் என் காதில் நாலு வகைப் பறவை இருக்கிறது, கண்ணில் ஒரு பூனை இருக்கிறது. இந்தத் தீவில் பூனை கிடையாது. ஆளும் கிடையாது, எலி கிடையாது, நாய் கிடையாது, பூனை என்றைக்கும் இருந்ததில்லை. அந்தப் பூனை என்னுடையது.

முதலில் உடும்பு என்றுதான் நினைத்தேன். புதர் அடியில் ஏதோ வயிறு தரையில் உரச நகர்ந்தது. பிறகு வால் தெரிந்தது. வாலின் நுனி முறிந்து இடது பக்கம் மடங்கிய வால், கதவிடுக்கில் மாட்டி என் கண் முன்னால் முறிந்த வால், அந்த முறிவுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியதும் நான்தான். மிளகி. வெள்ளை உடம்பில் மிளகு சிந்தினமாதிரி கறுப்புப் பொட்டு. என் வீட்டு மிளகி எப்படி இங்கே வந்தாள்? படகில் நாங்கள் மூன்று பேர், என் வீட்டுக்காரர் சூசை இஞ்சினைப் பிடித்தார், மேடம் முன்னால், நான் நடுவில் சாமான்களோடு. சாமான்களோடு. தார்ப்பாய். ஐயோ, தார்ப்பாய். ராத்திரி வாசலில் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயை இருட்டோடு தூக்கிப் படகில் போட்டபோது என்ன இந்தக் கனம் என்று நினைத்தேன், நேற்று மழையில் நனைந்த கனம் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். குட்டி போட இடம் தேடுகிற பூனைக்கு மடித்த தார்ப்பாயைவிட நல்ல அறை எங்கே கிடைக்கும்? வயிறு தொங்குகிறது அவளுக்கு, இன்றைக்கோ நாளைக்கோ. இங்கே கரையேறும்போது ஒவ்வொரு பையையும் கவிழ்த்து உதற வேண்டும் என்று மேடம் சட்டம் போட்டிருக்கிறார். எலி வந்துவிடக் கூடாது, ஓர் எறும்புகூடக் கூடாது. செருப்பைத் தட்டுவோம், சோற்றுத் தூக்கைத் துடைப்போம். தார்ப்பாயை மட்டும் இன்றைக்கு உதறவில்லை. அலை அடித்தது, அவசரம், "அதை விடுங்க மேடம், எங்க வீட்டுத் தார்ப்பாய்ல எலி எப்படி வரும், மிளகி இருக்கிற வீடு" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். மேடமும் சிரித்தார். பூனை இருக்கிற வீடு, அதனால் எலி இல்லை, அதனால் உதற வேண்டாம். எட்டாவதோடு முறிந்த கணக்கு எனக்கு இப்படித்தான் வரும்.

"ஜெசி, தூங்கிட்டீங்களா?" முதுகுக்குப் பின்னால் மேடம் கிசுகிசுக்கிறார். "இல்ல மேடம்." "சொல்லுங்க அப்போ." "பச்சைப்புறா, ரெண்டு, மேல, நாப்பது மீட்டர்." "நாப்பதா, உறுதியா?" "எங்க வீட்டுக்கும் கோயிலுக்கும் பாதி." "கோயிலை விடுங்க, பாதிரியாரும் வேண்டாம், மீட்டர் போதும்." "நாப்பது மேடம்." என் குரலைப் பாருங்கள், எண்ணெய் தேய்த்தமாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. கண் மட்டும் மிளகியின் மேல். அவள் எதைப் பார்க்கிறாள் என்று இப்போது தெரிகிறது. வேருக்கு அடியில், காய்ந்த இலை மேல், சிவந்த மார்பும் வரிவரியான வயிறுமாக ஒரு கானாங்கோழி. அதன் காலைச் சுற்றிக் கரி உருண்டைமாதிரி குஞ்சுகள். ஒன்று, இரண்டு, மூன்று, இன்னொன்று பின்னால் தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வருகிறது, நான்கு. இந்தக் கோழிக்காகத்தான் மேடம் கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, எங்கள் கருவாட்டு வாடையில் மூக்கைப் பொத்தாமல் படுத்துக் கிடக்கிறார். எங்கள் தீவுக் காட்டில் ரிப்பன் ரிப்பனாக நின்றோம், ஒரு கானாங்கோழிச் சத்தம் கேட்கவில்லை. இங்கே வந்த முதல் நாளே தவளைமாதிரி கரகரவென்று இரண்டு பக்கமும் கத்தின. அங்கே ஏன் இல்லை என்று நான் கேட்டேன். "உங்க ஊர்ல வீட்டுக்கு ரெண்டு பூனை இருக்கே ஜெசி, தரையில முட்டை வைக்கிற பறவை எங்க போய் வைக்கும்? ஒரு சினைப்பூனை போதும் ஒரு சின்னத் தீவுக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பூனையைப் பேசினால் என் பிள்ளையைப் பேசினமாதிரி. ஒரு சினைப்பூனை போதும். அந்த ஒன்று வந்துவிட்டது, மேடம். உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கத்தலாம். ச்சூ என்று ஒரு சத்தம் போதும், கோழி ஓடிவிடும், குஞ்சும் ஓடிவிடும். மிளகியும் ஓடிவிடுவாள். அதுதான் விஷயம். எனக்கு அவளைத் தெரியும். ஒருமுறை வாயில் அயிலை மீனோடு பிடிபட்டபோது விளக்குமாற்றை ஓங்கினேன், ஓங்கினதுதான், போனவள் அந்த வாரம் முழுக்க வீட்டுப்பக்கம் வரவில்லை. சட்டிமீனை வாசலில் வைத்துக் கூப்பிட்டாலும் வரவில்லை. அது வீடு. இது காடு, முன்பின் தெரியாத காடு, கொடியும் முள்ளும். இங்கே ஓடினால் ஒரு பொந்துக்குள் போய்க் குட்டி போடுவாள். நாலோ ஐந்தோ. அதுகள் வளர்ந்து அதுகள் போடும். மேடத்திடம் சொன்னால் மேடம் திரும்புவார், திரும்பினால் ஓடுவாள். ஆனால் அவளிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எதை அடித்தாலும், எலியோ ஓணானோ, தின்பதற்கு முன்னால் நேராக என்னிடம் கொண்டுவந்து என் காலடியில் போடுவாள். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். சோறு பொங்கிப் போட்டவளுக்கு அவள் கொடுக்கிற பங்கு. என் வீட்டுக்காரர்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார், "பூனையில்லடி அது, என் மூத்த பொண்ணு, சம்பாதிச்சு உன் கையில கொடுக்குது பாரு." ஆக, அவள் அடிக்க வேண்டும். அடித்தால்தான் வருவாள். வந்தால்தான் பிடிக்கலாம். நான் நின்றே ஆக வேண்டும். "சின்னான், ஒன்னு, பதினஞ்சு மீட்டர்." "சரி." "கரிச்சான், கத்துது, முப்பது." "சரி." அடிடீ. சீக்கிரம் அடித்துத் தொலை. இல்லை, அடிக்காதே. அடி.

நான் ரத்தத்துக்குப் பயந்தவள் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். சுறாவின் வயிற்றைக் கிழித்து உள்ளே கையை விட்டு, பிறக்காத குட்டியைக் கொத்தாக இழுத்துப் போட்டிருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டே. கோழியை என்னிடம் கொடுத்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் தலை வேறு உடல் வேறு. என் மகள் அமலி பிறந்தது படகில். பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இடுப்பு இரண்டாகப் பிளந்தது, நான் போட்ட கத்தலில் இவர் இஞ்சினை நிறுத்திவிட்டார், இஞ்சின்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு அவர் தோளில் நான் கடித்த கடி இன்னும் தழும்பாக இருக்கிறது. படகு முழுக்க ரத்தம், மீன் ரத்தம் எது என் ரத்தம் எது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவள்தான் நான். அப்படிப்பட்ட நானே இப்போது பறவைப் பெயரைச் சொல்ல மறந்து நிற்கிறேன், ஏனென்றால் மிளகி பாய்ந்துவிட்டாள். சத்தமே இல்லை. கரி உருண்டைகளில் ஒன்று அவள் கைக்கடியில் காணாமல் போனது. கையை எடுத்தாள், அது எழுந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு அடி ஓடியது, மறுபடி கையைப் போட்டாள். மெதுவாக, குழந்தை பந்தை உருட்டுகிறமாதிரி. எலும்பு நொறுங்குகிற சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது, அப்பளத்தை உள்ளங்கையில் நொறுக்குகிற சத்தம். அதை விட்டுவிட்டு இரண்டாவதை அடித்தாள், அப்புறம் மூன்றாவதை. தின்பதற்கு இல்லை. பசியில்லை அவளுக்கு, நேற்று ராத்திரி குழம்பு மீன் முழுசாக ஒன்று நானே வைத்தேன். தடுக்கித் தடுக்கி வந்த கடைசிக் குஞ்சு நேராக அவளை நோக்கியே போகிறது, எது அம்மா எது பூனை என்று தெரியாமல் போகிறது, போகாதே, அந்தப் பக்கம் போகாதே, சனியனே, குட்டிச் சனியனே, போகாதே.

"ஜெசி, என்ன மூச்சு இப்படி வாங்குது?" "அட்டை மேடம்." "எத்தனை?" "ஒன்னு." "அதை எண்ண வேண்டாம்." அவர் சிரிப்பது முதுகு வழியாக என் முதுகில் தெரிகிறது. நானும் சிரித்தேன். சிரிப்பு எப்படி வந்ததென்று என்னைக் கேட்காதீர்கள். மேடம், ஒரு சந்தேகம், மனசுக்குள் கேட்கிறேன், வாயால் கேட்க முடியாது. நாம் நிற்கிற நேரத்துக்குள் ஒரு பறவை இருந்தது, பார்த்தேன், ஆனால் நேரம் முடிவதற்குள் செத்துப்போனால் அது ஒன்றா, பூஜ்யமா? இருந்ததைத்தானே எண்ணுகிறோம், இருக்கப்போவதை இல்லையே. அப்படியென்றால் ஒன்று. ஆனால் நாம் வராமல் இருந்திருந்தால் அது செத்திருக்காது. எண்ண வந்ததால் செத்தது. அதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? தார்ப்பாயை உதறியிருந்தால். ஒரு உதறு. அவ்வளவுதானே. பொத்தென்று மணலில் விழுந்திருப்பாள், அடி கள்ளி என்று தூக்கிச் சாக்கில் போட்டிருப்போம், இவருக்கு ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்திருக்கும்.

தாய்க்கோழி ஓடவில்லை. நான் ஓடும் என்று நினைத்தேன். இரண்டு இறக்கையும் விரித்து, கழுத்தைத் தரையோடு நீட்டி, பாம்புமாதிரி சீறிக்கொண்டு மிளகியின் மூஞ்சியில் போய் விழுந்தது. எவ்வளவு பெரிசு அது, ஒரு கைப்பிடி, மிளகியின் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. கொத்துகிறது. கண்ணைப் பார்த்துக் கொத்துகிறது. மிளகி பின்வாங்கினாள், ஒரு நொடி, எனக்கு உள்ளே ஏதோ குதித்தது, குத்து, கண்ணைக் குத்து, பிடுங்கி எடு. யாருடைய கண்ணை? அந்தக் கண்தான் என் அமலியின் பாயைப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்த கண். அமலிக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை. பாயில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு சிவப்புப் பூரான் பாயின் ஓரத்தில் நடக்கிறது, பிள்ளையின் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் இல்லை. எனக்குக் கை வரவில்லை, கால் வரவில்லை, நின்றேன், இப்போது நிற்கிறமாதிரியே நின்றேன். மிளகிதான் பாய்ந்தாள். அது அவள் உதட்டில் கொடுக்கைப் பதித்துக்கொண்டு சுருண்டது, அவள் கத்திக்கொண்டே கடித்தாள், விடவில்லை, துண்டு துண்டாக்கிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். மூஞ்சி பலாக்கொட்டைமாதிரி வீங்கிப்போய் பால்கூடக் குடிக்க முடியாமல் கிடந்தாள். அதே பாய்ச்சல். அதே வாய். அன்றைக்கு அந்த வாயை முத்தமிட்டேன். இன்றைக்கு அந்த வாய் கானாங்கோழியின் கழுத்தில் மூடுகிறது, பின்னங்கால் இரண்டையும் தூக்கி அதன் வயிற்றைக் கிழிக்கிறது, சிவப்பு இறகு பறக்கிறது, கோழி இன்னும் கொத்துகிறது, கழுத்து மாட்டிக்கொண்ட பிறகும் வெறும் காற்றைக் கொத்துகிறது, ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு கால் மட்டும் உதைத்தது. பிறகு அதுவும் இல்லை.

வா. இங்கே வா. பேசாமல் வா. சத்தம் போடாமல் இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த அரிசிச் சாக்கை, ஈரத் தரையில் உட்கார விரிக்கிற சாக்கை, விரலால் மட்டும் அவிழ்க்கிறேன். மிளகி கோழியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். எப்போது பார்த்தாளோ, முதலிலேயே பார்த்திருப்பாளோ, நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அடித்தாளோ. வருகிறாள். ஆறு மீட்டர். வயிறு இரண்டு பக்கமும் ஆடுகிறது. கோழியின் கால் தரையில் கோடு கிழிக்கிறது. நாலு. வா என் ராசாத்தி. இரண்டு. உன்னை நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, வா. காலடியில் போட்டாள். என் அட்டைக்காலுக்குப் பக்கத்தில், சூடாக. போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி, எப்போதும் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது. குனிந்தேன். பிடறியைப் பிடித்துத் தூக்கினேன்.

அப்புறம் நடந்ததற்கு மேடம்தான் சாட்சி, எனக்குப் பாதி நினைவில்லை. இந்தப் பிடி பாசப் பிடி இல்லை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான்கு காலும் என் கையில் இறங்கின. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் துணி கிழிகிறமாதிரி கிழிந்தது, கட்டைவிரல் அவள் பல்லுக்குள் போய் எலும்பில் முட்டியது. விடவில்லை நான். மேடம் திரும்பி "ஐயோ ஜெசி, பூனை, இங்க எப்படிப் பூனை" என்று அலறுகிறார். "சாக்கு, சாக்கைப் பிடிங்க!" அவர் பிடித்தார், நல்லபடியாகப் பிடித்தார். உள்ளே தள்ளினேன். வாயை முறுக்கி, என் தலைமுடியில் கட்டியிருந்த ரிப்பனை உருவி இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். சாக்கு தரையில் துள்ளியது, உருண்டது, உள்ளேயிருந்து அவள் போட்ட சத்தம் நான் படகில் போட்ட சத்தம். மேடம் தரையைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். வேருக்கடியில் சிதறிக்கிடந்த கறுப்புகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தார்ப்பாயா?" என்றார். "தார்ப்பாய்தான்." "நானும்தான் சிரிச்சேன்" என்றார். பிறகு மெல்ல, "இதை... படகுல சூசைகிட்ட கத்தி இருக்கும் இல்ல" என்றார், சாக்கைப் பார்க்காமலே. சாக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துள்ளல் அடங்கியது. சாக்கு வழியாக என் தொடையில் ஏதோ நகர்ந்தது, அவள் இல்லை, அவளுக்குள் இருக்கிறதுகள், குட்டிக் குட்டியாகப் புரண்டதுகள். கத்தி வேண்டாம். "வேண்டாம் மேடம். இது எங்க வீட்டு ஆளு. கோழிக்கூண்டுல போட்டு வைக்கிறேன். குட்டி போட்டதும் மாட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் இனி சினை ஆகாதபடி வயித்தை அறுத்துட்டு வர்றேன், குட்டிக்கும் பொறவு அதையேதான். இனி இது வெளிய கால் வைக்காது. என் உசிரு இருக்கிற மட்டும் வைக்காது." அமலி கூண்டுக்கு வெளியே நின்று அழுவாள். பூரான் வரும், எலி வரும். வரட்டும், நானே ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பேன், காது திறந்துதானே கிடக்கிறது.

மேடத்தின் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் முடியவில்லை. கேட்டால் நம்ப மாட்டீர்கள், எல்லாமே அதற்குள். கடிகாரத்தை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். "கத்திட்டோம், அசைஞ்சுட்டோம், இது செல்லாது ஜெசி. இந்த இடத்தை அடிச்சுட்டு நாளைக்கு மறுபடி புதுசா நிப்போம்." அப்போதுதான் கேட்டது. வேருக்கு அந்தப் பக்கம், இலைக்கடியில், ஊசி நுனிமாதிரி ஒரு சத்தம். நின்று நின்று கூப்பிடுகிறது. தடுக்கி விழுகிற கழுதை. அதைத்தான் மிளகி விட்டுவிட்டாள். தூரத்தில் மேட்டில் தவளைமாதிரி கரகரவென்று இன்னொன்று, அப்பனாக இருக்கும், பதில் கொடுக்கிறது, நெருங்கி வருகிறது. வருமா, வந்து சேருமா, தெரியாது. என் கையிலிருந்து ரத்தம் வடிந்து சாக்கில் சொட்டுகிறது, சாக்கிலிருந்து கோழியின் மேல். மேடம் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடத் தாளைச் சாய்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் சட்டைக்கை முழுக்க என் ரத்தம் ஆனது.

"அடிக்காதீங்க மேடம், எழுதுங்க. கானாங்கோழிக் குஞ்சு, ஒன்னு, கத்துது, எட்டு மீட்டர். கானாங்கோழி, பெருசு, ஒன்னு, மேட்டுல, அம்பது மீட்டர். இன்னொன்னு இதோ என் காலடியில கிடக்கு, இதையும் எழுதுங்க. தூரம் பூஜ்யம்னு எழுதுங்க, மேடம்."